2021 மே மாதம் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர்: பயன்படுத்தியவரின் மதிப்புரை

விரலில் மாட்டினால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்லும் இந்தக் கருவியை, கோவிட்டின் இரண்டாம் அலை ஓடிய 2021 மே மாதம் இரண்டாம் வாரத்தில், பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் 2,300 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில் கேட்டபோது கடைக்காரர், "பில் வேணும்னா பொருள் இல்ல அண்ணாச்சி, பின்னால நாலு பேரு நிக்காங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன், உண்மையிலேயே நான்கு பேர் நின்றார்கள். ஏறக்குறைய இதே மாதிரியைச் சில ஆண்டுகள் கழித்து என் மருமகன் 700 ரூபாய்க்கு வாங்கினான். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரே அச்சில் வார்த்தது போன்ற கருவிகள் அந்த மாதத்தில் பல பெயர்களில் விற்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் புகழ்வதோ பழிப்பதோ முறையாகாது. ஆனால் இத்தனை ஆண்டுகள் கையில் வைத்திருந்து, எங்கள் தெருவில் ஏறத்தாழ நாற்பது பேர் அதில் விரலை விட்டுப் பார்த்த பிறகு, இதனால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்று சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாகவே நினைக்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பைப் போல வாய் திறக்கும். மெலிந்த பேட்டரி இரண்டு வேண்டும். நாளுக்குப் பத்துத் தடவை பார்த்த காலத்திலும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கின. திரையில் ஆக்சிஜன் விழுக்காடு, நாடித் துடிப்பு, துடிப்புக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு கோடு ஆகிய மூன்றும் தெரியும். விரலை எடுத்தால் சில விநாடிகளில் தானே அணைந்துவிடும். வெளிச்சத்தில் எண் மங்கலாகத் தெரிவதால் முற்றத்தில் வைத்துப் பார்க்க முடியாது, திண்ணைக்கு வர வேண்டும். கூடவே வந்த கழுத்துக் கயிறு முதல் மாதமே அறுந்தது. பென்சிலைச் செருகினால்கூட 98 காட்டும் போலிகள் அப்போது புழக்கத்தில் இருப்பதாகப் பேச்சு இருந்ததால் நானும் ஒரு பென்சிலைச் செருகிப் பார்த்தேன். வெறும் கோடுகளை மட்டுமே காட்டியது. அந்த அளவில் திருப்தி. பயன்படுத்தும் முறையைச் சொல்லும் தாள் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. தமிழில் ஒரு வரியும் இல்லை. இதைக் கருவியின் முதல் குறையாக எழுதுகிறேன். அது சிறிய குறையல்ல என்பதை நான் தெரிந்துகொண்டது எங்கள் எதிர்வீட்டில்.

எங்கள் ஊர் நெல்லைச் சீமையில், முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இடையில் இருக்கிறது. தெருவில் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள்; மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் புகையிலைத் தூளும், பக்கத்தில் ஒரு கத்தரி. எதிர்வீட்டுத் தங்கச்சியும் அப்படித்தான். அவர் கணவர் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் சுமை தூக்குபவர், ஐம்பத்து நான்கு வயது. இருவருக்கும் இருமல் என்று தெரிந்ததும் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் தங்கச்சியின் வலது ஆள்காட்டி விரலில் மாட்டினேன். எண் வரவில்லை. இருபது ஆண்டுகளாக இலையை உருட்டி, நுனியை மடக்கி மடக்கித் தோல் காய்த்து, புகையிலைக் கறை ஏறிப்போன விரல் அது. நடுவிரலிலும் கோடுகள்தாம். இடது கை மோதிர விரலுக்கு மாற்றி, கையை உள்ளங்கையில் வைத்துச் சற்றுச் சூடேற்றிய பிறகே 97 என்று வந்தது. அடுத்து அவர் கணவர் விரலை நீட்டினார், 91. நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, தொண்ணூத்தொண்ணு நல்ல மார்க்குதானே?"

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று என்றால் பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க்குதான். அந்தத் தாளில் தமிழில் ஒரு வரி இருந்திருந்தால், 94க்குக் கீழே வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது என் வாயிலிருந்து வராமல் அச்சிலிருந்து வந்திருக்கும். அச்சில் வந்த சொல்லுக்கு இருக்கும் மதிப்பு, என்னைப் போன்ற ஓய்வுபெற்ற தபால் எழுத்தர் ஒருவரின் சொல்லுக்கு இருப்பதில்லை. "மூச்சு ஒண்ணும் வாங்கலையே" என்றார் அவர். உண்மைதான், வாங்கவில்லை. இந்த நோயின் சூதே அதுதான்: இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும்போதும் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அந்தச் சூதை வெளியே காட்டுவதற்காகத்தான் இக்கருவியை மக்கள் கடை கடையாகத் தேடினார்கள்.

அதே வாரத்தில் பாளையங்கோட்டையில் என் அக்காள் கணவருக்கும் 91 வந்தது. அத்தானுக்கு வயது அறுபத்தெட்டு, சர்க்கரையும் உண்டு. எண்ணைப் பார்த்த அரை மணி நேரத்தில் அவர் மகன் தெரிந்த மருத்துவரிடம் போனில் பேசிவிட்டான். வாசலில் கார் நின்றது. மதியச் சாப்பாட்டுக்குள் ஆக்சிஜனுடன் படுக்கை கிடைத்தது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். இன்றும் காலையில் நடக்கப் போகிறார்.

எதிர்வீட்டில் நடந்தது வேறு. நான் பார்த்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை பீடிக்கடையில் கணக்குக் கொடுத்தால்தான் வாரக் கூலி. ஆயிரம் பீடிக்கு முந்நூறு ரூபாயைத் தொடாத கூலி. சந்தை வேலையோ ஊரடங்கில் நின்றுபோயிருந்தது. மகன் திருப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தான். ஆட்டோக்காரர், பாளையங்கோட்டை வரை போய் வெறுமனே திரும்ப வேண்டும், நோயாளி வேறு என்று 1,500 ரூபாய் கேட்டார். 108க்கு அழைத்தபோது வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, காத்திருங்கள் என்று பதில் வந்தது. "அங்க போனா பொட்டலமாத்தான் வருவாங்க" என்று தெருவில் ஒரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்று ஒரு மனிதரைச் சாகடிக்கும் காரணமாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து இரண்டு நாளைத் தின்றுவிட்டன. சனிக்கிழமை மாலை கருவி 78 காட்டியது. அன்று வண்டியும் வந்தது. அரசு மருத்துவமனையில் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை, ஆக்சிஜன் கொடுத்தார்கள், இரவெல்லாம் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு நாளைக்கு முன்னால வந்திருந்தா" என்று பணி முடித்துப் போகும் மருத்துவர் ஒருவர் சொன்னதாகத் தங்கச்சி பிறகு சொன்னார். நான்காம் நாள் அவர் கணவர் போய்விட்டார்.

ஆக, கருவி தன் வேலையைச் செய்தது. இரண்டு விரல்களிலும் ஒரே எண்ணைக் காட்டியது. அத்தானுக்கு அந்த எண்ணிலிருந்து படுக்கைக்கு நான்கு மணி நேரத் தூரம். எதிர்வீட்டுக்காரருக்கு இரண்டு நாள் தூரம். வயதும் சர்க்கரையும் அத்தானுக்கு எதிராகவே இருந்தும் பிழைத்தவர் அவர்தான். இங்கே என்னையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்: 2,300 ரூபாய் கொடுத்துக் கருவி வாங்கிய எனக்கு, அந்த வியாழக்கிழமை 1,500 ரூபாயை எடுத்து ஆட்டோக்காரர் கையில் கொடுக்கத் தோன்றவில்லை.

இரண்டு விரல்களிலும் ஒரே எண் என்று எழுதினேன். அதையும் முழுதாக நம்பத் தேவையில்லை என்று பிறகு படித்தேன். இக்கருவி விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் சிவப்பு ஒளியை அதிகம் விட்டுவிடும். ஆக்சிஜன் இல்லாத இரத்தம் அதை விழுங்கிக்கொள்ளும். இந்த வித்தையை 1970களில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி. அவருடைய கருவிக்காக உலகமே கடைகளில் வரிசையில் நின்ற 2020ஆம் ஆண்டில், ஏப்ரல் 18 அன்று அவர் காலமானார். ஆனால் தோலின் கருமையும் ஒளியை விழுங்கும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று மடங்கு. இத்தகைய கருவிகளைச் சோதிக்கும்போது கருந்தோல் உடையவர் இருவரோ, மொத்தத்தில் 15 விழுக்காட்டினரோ, எது அதிகமோ அவ்வளவு பேர் இருந்தால் போதும் என்றுதான் அமெரிக்க அரசின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. நெல்லைச் சீமையின் வெயிலில் மூட்டை தூக்கியவரின் விரலில் வந்த 91 உண்மையில் 91தானா, 87ஆ என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அத்தான் நிழலிலேயே வேலை பார்த்தவர், நிறமும் மாநிறத்துக்கு மேல். பிழைகூட ஆள் பார்த்துத்தான் வருகிறது.

நோய்க்கு ஏழை பணக்காரன் தெரியாது என்று அந்த ஆண்டில் எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன். கிருமியின் கண்ணுக்கு அது சரியாக இருக்கலாம். மரணக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை, எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. 1918 இன்புளுயன்சாவின்போது பம்பாய் நகரில் ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் என்று சாதி, சமய வாரியாக எழுதிவைத்த இறப்பு விகிதம் இருக்கிறது: ஐரோப்பியரில் 8.3, பார்சிகளில் 9, மற்ற இந்துக்களில் 18.9, தாழ்ந்த சாதியினர் என்று அன்றைய ஏடுகள் குறித்த இந்துக்களில் 61.6. ஒரே நகரம், ஒரே காற்று, ஏழு மடங்குக்கு மேல் வேறுபாடு. அதே பெருந்தொற்றில் நார்வே நாட்டுத் தலைநகரிலும், சாதி இல்லாத அந்த ஊரிலும், அறைகள் குறைந்த வீடுகளில் இருந்தவர்கள் அதிகம் செத்தார்கள் என்று பின்னாளில் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2020 மார்ச், ஏப்ரலில் இங்கிலாந்தில், வறுமை மிகுந்த பகுதிகளில் லட்சம் பேருக்கு 55.1 பேரும் வசதி மிகுந்த பகுதிகளில் 25.3 பேரும் கோவிட்டால் இறந்தார்கள். எல்லாருக்கும் இலவச மருத்துவம் உள்ள நாடு அது என்பதைச் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மருத்துவமனைக் கதவு இலவசமாகத் திறந்திருந்தும் இப்படி ஆவதற்குக் காரணம், வேறுபாடு கதவுக்கு வெகுமுன்பே தொடங்கிவிடுவதுதான். யாருக்கு முதலில் தொற்றுகிறது என்பதிலேயே அது இருக்கிறது. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினருக்கும் மற்றக் குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்துபோன தடயம் இருந்தது. நம் மாவட்டத்துக்காரர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தாராவியை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவரிடம் இடைவெளி விட்டு நில் என்று யார் சொல்வது? தொற்றிய பிறகு அது யாருடைய நுரையீரலில் இறங்குகிறது என்பது அடுத்தது. எங்கள் தெருப் பெண்கள் ஒரு நாளும் பீடி குடித்ததில்லை. ஆனாலும் நாள் முழுதும் தூளை முகர்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே வேலை என்பதால் அவர்களுடைய பிள்ளைகளும் அதையேதான் முகர்கிறார்கள். கதவைத் தட்டும் நேரம் கடைசியில்தான் வருகிறது.

நாடு முழுவதற்கும் பார்த்தால், 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசு பதிவு செய்த கோவிட் மரணங்களோ ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. குடும்பநல ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஓர் ஆய்வு, 2020ஆம் ஆண்டில் மட்டும் உயர்சாதி இந்துக்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 1.3 ஆண்டும், பட்டியல் சாதியினருக்கு 2.7 ஆண்டும், பழங்குடியினருக்கு 4.1 ஆண்டும், முஸ்லிம்களுக்கு 5.4 ஆண்டும் குறைந்ததாகக் கணக்கிட்டது. ஒன்றிய அரசு இவ்விரண்டு மதிப்பீடுகளையும் ஏற்கவில்லை. அரசுக்கு அதன் வாதம் இருக்கட்டும். எங்கள் தெருவில் அந்த ஆண்டு இறந்தவர்களில் எத்தனை பேருடைய இறப்புச் சான்றிதழில் கோவிட் என்று இருந்தது என்று எண்ணிப் பார்த்தால், பதிவேட்டைவிட மதிப்பீட்டின் பக்கமே என் மனம் சாய்கிறது.

விலை விஷயத்துக்கு வருகிறேன், மதிப்புரையில் அதைத் தவிர்க்க முடியாது. நான் வாங்கிய பிறகு, 2021 ஜூன் மாதம் ஆக்சிமீட்டருக்கான ஜிஎஸ்டி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஜூலையில் வியாபார லாபத்துக்கு 70 விழுக்காடு என்று ஒன்றிய அரசு உச்சவரம்பு போட்டது. இரண்டும் நல்ல காரியங்கள். இரண்டும் அலை வடியத் தொடங்கிய பிறகு வந்தன. ஏப்ரலிலும் மே மாதத்திலும் தேவைப்பட்டவர்கள் இரு மடங்கும் அதற்கு மேலும் கொடுத்தார்கள், அல்லது வாங்காமலே இருந்தார்கள். 2,300 ரூபாய் என்பது எதிர்வீட்டுத் தங்கச்சிக்கு எட்டாயிரம் பீடி. தடுப்பூசிக்கும் அதே கதைதான்: அந்த மே மாதத்தின் பெரும்பகுதியிலும் 18 முதல் 44 வயதினர் இணையத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி, அந்தத் தளம் அப்போது தமிழில் இல்லை. தங்கச்சியின் மகளுக்கு நான்தான் என் போனில் பதிந்து கொடுத்தேன்; மூன்று நாள் முயன்ற பிறகு இடம் கிடைத்தது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

குறை மட்டும் சொன்னால் நியாயமாகாது. இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தில் ராக்கெட்டுக்காக இருந்த திரவ ஆக்சிஜன் அந்த வாரங்களில் மருத்துவமனைகளுக்குப் போனதும், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இரவு பகலாக ஆட்கள் நின்று பார்த்ததும் இந்த மாவட்டத்துக்கே தெரியும். ஊராட்சியிலிருந்து காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண்கள் கையிலும் இதே போன்ற ஒரு கருவி இருந்தது. வீடு வீடாகப் போன அந்த ஒரு கருவி, வீட்டுக்கு வீடு பூட்டிவைத்திருந்த பத்துக் கருவிகளைவிட அதிக வேலை செய்தது. என் கருவியும் வீட்டை விட்டுத் தெருவுக்குப் போன பிறகே வாங்கிய காசுக்குப் பயன்பட்டது.

இப்போது வாங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். என் அனுபவத்தில், அதிக விலை கொடுத்ததற்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. துடிப்புக் கோடு திரையில் தெரியும் மாதிரியாகப் பாருங்கள், கோடு சீராக ஏறி இறங்காதபோது வரும் எண்ணை நம்பக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைச் சூடாக்கி, மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலில் மாட்டுங்கள். பீடி சுற்றுபவர்களுக்கும் கல் உடைப்பவர்களுக்கும் வேலை செய்யாத கையின் மோதிர விரலே நல்லது. ஓர் எண்ணைவிட அது நேற்றைக்கு இன்று எப்படிப் போகிறது என்பதே முக்கியம். கருந்தோல் என்றால் 94 என்று வந்தாலும் அதைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். ஆள் தளர்ந்திருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். கருவிக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஒரு மதிப்பெண்ணை வெயிலில் தெரியாத திரைக்கும் அறுந்த கயிறுக்குமாகவும், அரை மதிப்பெண்ணைத் தமிழில் ஒரு வரி இல்லாத அந்தத் தாளுக்காகவும் குறைத்தேன். கயிறை மாற்றிவிடலாம் என்பதால் அது பெரிதல்ல.

தாளையும் மாற்றிவிட்டேன். கருவி வந்த அட்டைப் பெட்டிக்குள் இப்போது என் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது: 95ம் அதற்கு மேலும் இருந்தால் சரி, 94க்குக் கீழே என்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டும், இது பரீட்சை மார்க்கு அல்ல. அதன் கீழே 108, எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் இருவரின் எண்கள். தாளுக்கு அடியில் மூன்று ஐநூறு ரூபாய் நோட்டுகள். பெட்டியை யார் வாங்கிப் போனாலும் அவையும் சேர்ந்தே போகும். இதுவரை இரண்டு தடவை செலவாகியிருக்கின்றன. ஒரு தடவை திரும்பி வந்தது. இரண்டாம் தடவை கொண்டுபோனவர் எதிர்வீட்டுத் தங்கச்சி, தன் மாமியாருக்காக. கிழவி பிழைத்துவிட்டாள். பணத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. புதிதாக மூன்று நோட்டுகளை வைத்துவிட்டு, பேட்டரியையும் மாற்றினேன்.